சின்னப் புத்தகம், மூன்று படம்: ‘ஹாபிட்’ ரசிகர்களுக்கு ஏன் அவ்வளவு கோபம்?

2012 ஜூலை 30ஆம் தேதி இயக்குநர் பீட்டர் ஜாக்சன் தன்னுடைய ஃபேஸ்புக் பக்கத்தில் ஒரு செய்தி போட்டார். இரண்டு பாகம் என்று சொல்லி எடுத்துக்கொண்டிருந்த ‘தி ஹாபிட்’ இனி மூன்று பாகம். முக்கியப் படப்பிடிப்பு அந்த மாதம்தான் முடிந்திருந்தது. முதல் பாகம் தியேட்டருக்கு வர ஐந்து மாதம்கூட இல்லை. செய்தியைப் பார்த்ததும் ஒரு கூட்டம் ‘ஆகா’ என்றது. இன்னொரு கூட்டம் கேட்ட கேள்வி இன்றுவரை ஓயவில்லை: முந்நூறு பக்கப் புத்தகத்தில் மூன்று படத்துக்கு என்ன இருக்கிறது?

எங்கள் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பலர் இந்தப் படங்களை டிவியிலும் போனிலும் துண்டு துண்டாகப் பார்த்திருக்கிறார்கள். ‘ஏன் டீச்சர் எல்லாரும் இதைத் திட்டுறாங்க? நல்லாத்தானே இருக்கு?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். புத்தகமும் தெரியாது, படமும் தெரியாது என்பவர்களுக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன். கதையின் முடிவையும் சேர்த்துத்தான் சொல்லப்போகிறேன். புத்தகம் வந்து எண்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, இனிமேல் அதில் மறைத்து வைக்க ஒன்றுமில்லை.

எழுதியவர் ஜே.ஆர்.ஆர். டோல்கீன். ஆக்ஸ்ஃபோர்ட் பேராசிரியர், ஆங்கிலேயர் என்றுதான் உலகம் அவரை அறியும். பிறந்தது என்னவோ நம் தென்னாப்பிரிக்காவில்: 1892 ஜனவரி 3, ப்ளூம்ஃபொன்டெய்ன். அப்பா அங்கே வங்கி மேலாளர். மூன்று வயதில் அம்மாவோடு இங்கிலாந்து போனார், அதோடு சரி. அப்பாவின் கல்லறை மட்டும் ப்ளூம்ஃபொன்டெய்னில் இருக்கிறது. அவர் பிறப்பதற்கு முந்தைய வருடம்தான், 1891-இல், அந்த ஊர் இருக்கும் ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட்டில் இந்தியர்கள் குடியிருக்கவோ கடை நடத்தவோ கூடாது என்று சட்டம் வந்தது. அந்தத் தடை 1980களின் நடுப்பகுதி வரை நீடித்தது. டர்பனிலிருந்து புறப்பட்ட நம் தாத்தாக்கள் அந்த மாகாணத்தில் ராத்தங்க முடியாமல் விடிய விடிய கார் ஓட்டிக் கடந்த கதை பல வீடுகளில் உண்டு. ஆகவே டோல்கீனை ‘நம்ம ஊர்க்காரர்’ என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. புத்தகம் பிடிக்கும், அது வேறு.

சரி, கதைக்கு வருவோம். பில்போ ஒரு ஹாபிட். மனிதரில் பாதி உயரம், செருப்பு போடாத ரோமக் கால், வேளா வேளைக்குச் சாப்பாடு, வீட்டைவிட்டு எங்கும் போகாத சுகவாசி. ஒருநாள் கான்டால்ஃப் என்ற மந்திரவாதி பதின்மூன்று குள்ளர்களை அவன் வீட்டுக்கு வரவழைத்துவிடுகிறார். அவர்களுடைய மலையையும் தங்கத்தையும் ஸ்மாக் என்கிற டிராகன் எப்போதோ பிடுங்கிக்கொண்டது. அதை மீட்க ஒரு திருடன் வேண்டும். அந்த வேலை பில்போ தலையில் விழுகிறது. வழியில் பூதங்கள், கோப்ளின்கள், இருட்டுக் குகையில் கோல்லம் என்ற பிராணியோடு ஒரு விடுகதைப் போட்டி, அங்கே கிடைக்கும் ஒரு மோதிரம், ராட்சத எட்டுக்கால் பூச்சிகள், காட்டில் வாழும் எல்ஃப் என்ற இனத்து அரசனின் சிறை. கடைசியில் டிராகன், அப்புறம் ஒரு பெரிய போர். பில்போ பத்திரமாக வீடு திரும்புகிறான். 1937-இல் வந்த புத்தகம். மொத்தம் 19 அத்தியாயம். அநேகமாக ஒவ்வோர் அத்தியாயத்திலும் ஓர் ஆபத்து வரும், அது தீர்ந்ததும் விளக்கை அணைத்துப் பிள்ளையைத் தூங்க வைக்கலாம். அப்படிச் சொல்லிக் கேட்க எழுதிய கதை.

இதே டோல்கீன் 1954, 1955-இல் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ என்ற பெரிய நாவலை மூன்று தொகுதியாக வெளியிட்டார். ஆயிரம் பக்கத்துக்கு மேல். அதை ஜாக்சன் 2001, 2002, 2003-இல் மூன்று படமாக எடுத்து, மூன்றாவது படத்துக்கு மட்டும் 11 ஆஸ்கர் வாங்கினார். தியேட்டரில் ஓடிய நேரம் மூன்றுக்கும் சேர்த்து 558 நிமிடம். ‘ஹாபிட்’ மூன்று படம்: 169, 161, 144. கூட்டினால் 474. ஆயிரம் பக்கத்துக்கு 558 நிமிடம், முந்நூறு பக்கத்துக்கு 474 நிமிடம். ரசிகர்கள் இந்தக் கணக்கைத்தான் முதலில் போட்டார்கள்.

கணக்கு சரிதான், ஆனால் அதை மட்டும் வைத்து வழக்கை முடிக்க முடியாது. ‘ஹாபிட்’ புத்தகத்தை முழுதாக வாசித்துக் காட்டினாலே பதினோரு மணி நேரம் போல ஆகும். படமோ எட்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அப்படிப் பார்த்தால் எங்கே இழுத்தார்கள்? விஷயம் என்னவென்றால், எழுத்தில் ஒரு பக்கம் பிடிக்கும் வர்ணனை திரையில் இரண்டு விநாடி. காட்டைக் காட்டினால் காடு வந்துவிட்டது. வாசிக்கும் நேரத்தையும் பார்க்கும் நேரத்தையும் ஒரே தராசில் வைக்கவே முடியாது. ஒரு சிறுகதையிலிருந்து நல்ல மூன்று மணி நேரப் படம் வந்திருக்கிறது, பெரிய நாவலிலிருந்து சவசவ என்று ஒன்றரை மணி நேரப் படமும் வந்திருக்கிறது.

தகராறு நீளத்தில் இல்லை, பாகங்களின் எண்ணிக்கையில் இருக்கிறது என்பது என் கணிப்பு. எட்டு மணி நேரத்தை ஒரே தொடராகக் காட்டுவது ஒரு சங்கதி. மூன்று தனித்தனிப் படமாக, வருடத்துக்கு ஒன்றாக விற்பது வேறு சங்கதி. ஒவ்வொரு படமும் டிக்கெட் காசுக்குத் தனியாகக் கணக்குச் சொல்ல வேண்டும். அதற்கென்று ஒரு தொடக்கம், ஒரு வில்லன், கடைசி அரை மணி நேரத்தில் ஒரு பெரிய மோதல், அடுத்த டிசம்பர் வரை மனசை உறுத்த ஒரு கேள்வி. புத்தகத்தில் உச்சம் ஒன்றுதான்: டிராகனும் அதன் பின்னால் வரும் போரும். மூன்று படம் என்று முடிவானதும் இன்னும் இரண்டு உச்சங்களை எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டியதாயிற்று. ரசிகர்கள் சலித்துக்கொண்ட பெரும்பாலான காட்சிகள் இந்தத் தேவையில் பிறந்தவை.

ஓர்க் என்றால் கோப்ளின் மாதிரியான கொடிய இனம்; அதில் அசோக் என்ற தலைவனைப் பாருங்கள். (நம் அசோகன் இல்லை, பெயரைத் தமிழில் எழுதினால் அப்படி வந்து நிற்கிறது.) டோல்கீன் கதைப்படி அவன் இந்தப் பயணத்துக்குப் பல காலம் முன்பே ஒரு போரில் செத்துவிட்டவன். படத்தில் அவன் கை மட்டும் போய், உயிரோடு இருந்து, குள்ளர் தலைவன் தோரினை மூன்று படத்திலும் துரத்துகிறான். ஏன்? புத்தகத்தின் ஆபத்துகள் உதிரி உதிரியானவை. பூதம் கல்லாகிப் போனால் அந்தப் பூதக் கதை முடிந்தது. அத்தனை உதிரிகளையும் கோக்க மூன்று படத்துக்கும் ஒரே நூல் வேண்டும், செத்தவனை எழுப்பினார்கள். இரண்டாம் படத்தின் கடைசியில் குள்ளர்கள் உருகிய தங்கத்தில் சிலை வார்த்து டிராகனை வீழ்த்தப் பார்ப்பார்களே, புத்தகத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை. நடுப் படத்துக்கு ஒரு முடிவு வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

படக்குழு எங்கிருந்தெல்லாம் சரக்கு எடுத்தது என்று பார்த்தால் இந்தக் கோபம் இன்னும் புரியும். கொஞ்சம், புத்தகத்திலேயே ஓரிரு வரியில் இருந்ததை ஊதியது. மலையில் இடி மழை பெய்யும்போது தூரத்தில் கல் ராட்சதர்கள் பாறையை எறிந்து விளையாடியதாக டோல்கீன் சில வரி எழுதியிருப்பார்; படத்தில் மலையே எழுந்து நின்று சண்டை போடுகிறது, குள்ளர்கள் அதன் முழங்காலில் தொற்றிக்கொண்டிருக்கிறார்கள். கொஞ்சம், ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலின் பின்னிணைப்புகளில் இருந்து வந்தது. புத்தகத்தில் கான்டால்ஃப் காட்டின் விளிம்பில் ‘எனக்கு வேறு ஜோலி இருக்கிறது’ என்கிற தோரணையில் போய்விடுவார். திரும்பி வந்து, ஒரு தீய மந்திரவாதியைக் கோட்டையைவிட்டு விரட்டினோம் என்பார். அந்த ஜோலி என்ன என்பதைப் படம் காட்டுகிறது. மிச்சமெல்லாம் படக்குழுவின் சொந்தக் கற்பனை.

இதில் ஒரு காட்சியை மட்டும் கிட்டப் போய்ப் பார்க்கலாம். புத்தகத்தின் ஒன்பதாம் அத்தியாயம். குள்ளர்கள் எல்ஃப் அரசனின் சிறையில் இருக்கிறார்கள். மோதிரம் போட்டு மாயமாகிவிட்ட பில்போ, அரண்மனையில் வாரக்கணக்கில் ஒளிந்து, சாப்பாடு திருடித் தின்று, வழி தேடுகிறான். காலிப் பீப்பாய்களை ஆற்றில் உருட்டிவிடும் கதவு ஒன்று இருப்பதைக் கண்டுபிடிக்கிறான். காவல் தலைவன் மது குடித்துத் தூங்கும் நேரம் பார்த்துச் சாவியை எடுத்து, குள்ளர்களை ஒவ்வொருவராகப் பீப்பாயில் போட்டு, வைக்கோல் திணித்து, மூடியை அடைக்கிறான். எல்லாரையும் அடைத்த பிறகுதான் உறைக்கிறது: நம்மை அடைக்க ஆள் இல்லையே! பீப்பாய் உருளும்போது ஒன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவனும் ஆற்றில் விழுகிறான். ராத்திரி, குளிர், இருட்டு. உள்ளே இருப்பவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்றே அவனுக்குத் தெரியாது. கரையில் மூடியைத் திறந்தால் நனைந்து, நசுங்கி, பசியில் முனகிக்கொண்டு வெளியே வருகிறார்கள். கையில் வாள் இல்லாத ஒருவனின் மூளை ஜெயித்த இடம் அது. சிரிப்பும் வரும், பயமும் இருக்கும்.

படத்தில் பீப்பாய்களுக்கு மூடியே இல்லை. பட்டப் பகல். ஆற்றின் இரு கரையிலும் ஓர்க்குகள் அம்பு விடுகிறார்கள், எல்ஃப்கள் குள்ளர்களின் தலைமேல் கால் வைத்துத் தாவித் தாவிச் சண்டை போடுகிறார்கள், ஒரு குண்டுக் குள்ளர் பீப்பாயோடு உருண்டு கரையில் இருக்கிற எதிரிகளையெல்லாம் வரிசையாகச் சாய்க்கிறார். தியேட்டரில் விசில் பறக்கும் காட்சிதான், நானும் ரசித்தேன். ஆனால் பில்போ அதில் எங்கே? தண்ணீரில் மூச்சுக்குத் திணறிக்கொண்டு ஏதோ ஒரு மூலையில். அத்தியாயமே அவனுடையது, நேரம் கூடியபோது அவன் பங்கு குறைந்துவிட்டது. ‘படம் பெயர் ஹாபிட், ஹாபிட்டைத்தான் காணோம்’ என்ற புலம்பலுக்கு இது ஒன்றே போதும்.

நம்மூர்ப் பக்கம் ‘சிக்ஸ்-ஃபுட் டான்ஸ்’ என்று சொல்கிறோமே, நம் தெருக்கூத்து, அதை வைத்துப் பார்த்தால் இழுப்பதில் இரண்டு விதம் உண்டு என்பது தெரியும். துகிலுரிதல் ஒரு சருக்கம். கூத்தில் அது ராத்திரி முழுக்க ஓடும். துச்சாதனன் மேடைக்கு வருவதற்கே, இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று, தான் யார், தன் பெருமை என்ன என்று பாடி முடிக்க ஒரு நாழிகை ஆகும். யாரும் ‘இழுக்கிறான்’ என்று எழுந்து போவதில்லை. கட்டியங்காரன் நடுவில் புகுந்து ஊர் வம்பெல்லாம் பேசுவான். வியாசர் எழுதாத வசனம்தான், அதற்கும் கைதட்டு. அவன் எவ்வளவு பேசினாலும் கதை திரௌபதியைவிட்டு நகராது. விடியும்போது அவள் தலைவிரித்து நிற்பாள் என்று எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு பாட்டும் அந்த நிமிடத்தை இன்னும் கனமாக்கும். ஆகவே சேர்ப்பது தப்பு என்று நம்மில் யாரும் சொல்ல முடியாது, நம் கலையே சேர்த்து வளர்ந்ததுதான். கதாநாயகியை ஓரமாக உட்கார வைத்துவிட்டுப் பக்கத்து ராஜ்ஜியத்துச் சண்டையை மூன்று மணி நேரம் காட்டியிருந்தால் மட்டும் சும்மா இருப்போமா?

ரசிகர்களின் எதிர்வினையும் ஒரே சுருதியில் இருக்கவில்லை. முதல் படம் 2012 டிசம்பரில் வந்தபோது பெரிய குறை வேகம்தான். பில்போ வீட்டைவிட்டுக் கிளம்பவே முக்கால் மணி நேரம் போல ஆகிறது. குள்ளர்கள் சாப்பிட்டு, தட்டை வீசி, பாட்டுப் பாடி, இன்னொரு பாட்டும் பாடி... ‘ஜவ்வா இழுக்கிறாங்க’ என்று நாம் சொல்வதை அவரவர் மொழியில் எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அந்த வீட்டுக் காட்சி பிடிக்கும். அது புத்தகத்திலும் அப்படித்தான் நிதானமாகப் போகும். கூடவே தொழில்நுட்பத் தகராறும் சேர்ந்துகொண்டது. வழக்கமாக விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் இடத்தில் இந்தப் படத்தை 48 ஃபிரேமில் எடுத்தார்கள். உருவம் துல்லியம், அசைவு வழவழப்பு. ஆனால் மாயாஜால உலகம் ஏதோ டிவி சீரியல் செட் மாதிரி தெரிகிறது என்று பலர் முகம் சுளித்தார்கள். கோல்லமும் பில்போவும் விடுகதை போடும் காட்சியை மட்டும் எதிர்ப்பாளர்களும் குறை சொல்லவில்லை. இரண்டே பேர், ஓர் இருட்டுக் குகை, பேச்சு. புத்தகத்தில் உள்ளபடியே கிட்டத்தட்ட முழுதாக இருக்கிறது.

இரண்டாம் படத்தில் சண்டை டாரியல் மேல் திரும்பியது. டாரியல் படக்குழு உருவாக்கிய எல்ஃப் பெண் வீராங்கனை. புத்தகத்தில் பேசும் பெண் பாத்திரம் ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே ஒருத்தியைச் சேர்த்ததை நிறையப் பேர் வரவேற்றார்கள், நானும்தான். சேர்த்தவளை உடனே காதலில் மாட்டிவிட்டது எரிச்சல். குள்ளன் கிலி ஒரு பக்கம், புத்தகத்தில் இல்லாத எல்ஃப் இளவரசன் லெகோலஸ் இன்னொரு பக்கம். முக்கோணக் காதல் கூடாது என்பதை நிபந்தனையாக வைத்தே ஒப்புக்கொண்டதாகவும், பிறகு எடுத்த கூடுதல் காட்சிகளில் அது வந்து சேர்ந்ததாகவும் நடித்த எவாஞ்சலின் லில்லியே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

பொறுமை உண்மையில் போனது மூன்றாம் படத்தில். 2013 டிசம்பரில் வந்த இரண்டாம் படம், டிராகன் ஏரி நகரத்தை எரிக்கக் கோபத்தோடு பறந்து போகும் இடத்தில் பட்டென்று அறுந்துவிடும். சரி, அடுத்த படம் முழுக்க டிராகன்தான் என்று ஒரு வருடம் காத்திருந்தார்கள். 2014 டிசம்பரில் போய் உட்கார்ந்தால், படத்தின் பெயரைத் திரையில் போடுவதற்கு முன்பே ஸ்மாக் செத்துவிட்டது! டிராகனைக் கொல்லும் காட்சி உண்மையில் இரண்டாம் படத்தின் முடிவு. இரண்டை மூன்றாக வெட்டிய கத்தி அதன்மேல் விழுந்துவிட்டது. மீதிப் படத்தில் பெரும்பகுதி போர். புத்தகத்தில் அந்தப் போர் சில பக்கம்தான். பில்போ தலையில் கல் விழுந்து மயங்கிவிடுவான், கண் விழிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். போரில் வீரத்தைவிட இழப்பு பெரிது என்று, முதல் உலகப் போரில் சொம் களத்தில் நின்று வந்த டோல்கீனுக்குத் தெரியும். படத்தில் அது முக்கால் மணி நேர ஆர்ப்பாட்டம்.

இதில் வேடிக்கை, இவ்வளவு நேரம் இருந்தும் புத்தகத்தில் உள்ள சில நல்ல விஷயங்களுக்கு இடமில்லாமல் போனது. கரடியாக மாறும் பேயோர்ன் என்ற மனிதன் வீட்டுக்குக் குள்ளர்களை இரண்டிரண்டு பேராக அறிமுகப்படுத்தும் சிரிப்புக் காட்சி தியேட்டரில் இல்லை; பின்னால் வந்த நீண்ட பதிப்பில்தான் சேர்ந்தது. தோரினின் இறுதிச் சடங்கும் அப்படியே. தலைவன் இறந்துவிட்டான், அவனை அடக்கம் செய்ததைக்கூடத் தியேட்டரில் பார்த்தவர்களுக்குக் காட்டவில்லை. நீட்டியதையும் சுருக்கியதையும் ஒரே தொடரில் செய்த சாதனை இது.

எதற்காக மூன்று என்பதற்கு ஜாக்சன் சொன்ன காரணம், எடுத்த காட்சிகளும் பின்னிணைப்புகளில் உள்ள கதையும் நிறைய இருக்கிறது, சொல்லாமல் விட மனசில்லை என்பது. ரசிகர்கள் சொன்ன காரணம் ஒரே சொல்: காசு. மூன்று படமும் சேர்ந்து உலக அளவில் கிட்டத்தட்ட 290 கோடி டாலர் வசூல் செய்தன என்பதால் இரண்டாவது காரணத்தை ஒதுக்க முடியவில்லை. திட்டியவர்களும் டிக்கெட் வாங்கித்தான் திட்டினார்கள். ஆனால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். முதலில் இயக்கவிருந்தவர் கியெர்மோ டெல் டோரோ. எம்ஜிஎம் நிறுவனத்தின் பணச் சிக்கலால் படம் தள்ளிக்கொண்டே போக, 2010 மே மாதம் அவர் விலகினார். பொறுப்பு ஜாக்சன் கைக்கு வந்து, 2011 மார்ச்சில் படப்பிடிப்பே தொடங்கிவிட்டது. முந்தைய மூன்று படத்துக்கு வருடக்கணக்கில் தயாரிப்பு வேலை நடந்தது. இதற்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. மூன்றாம் படத்தின் நீண்ட பதிப்போடு வந்த ஆவணப்படத்தில், பெரிய போரை எப்படி எடுப்பது என்று தெளிவில்லாமல் படப்பிடிப்பைத் தள்ளிவைத்ததை ஜாக்சனே ஒப்புக்கொள்கிறார். அதைப் பார்த்த பிறகு பல ரசிகர்களின் கோபம் அவர்மேல் இருந்து தயாரிப்பு முறைமேல் திரும்பியது.

படத்தை ஆதரிப்பவர்கள் சொல்வதிலும் சாரம் இருக்கிறது. புத்தகம் குழந்தைக் கதை, அதன் தொடர்ச்சியோ பெரியவர்களின் காவியம். இரண்டையும் இணைக்கும் பாலம் வேண்டும் என்பது அவர்கள் வாதம். டோல்கீனே இந்தப் பாலம் கட்டப் பார்த்தவர். 1937 பதிப்பில் கோல்லம் விடுகதைப் போட்டியில் மோதிரத்தைப் பரிசாகத் தருவதாக நல்லபடியாகவே ஒப்புக்கொள்ளும். பிறகு அந்த மோதிரம் ஒரு பெரிய நாவலின் மையமாகிவிட்டதால், 1951 பதிப்பில் அந்த அத்தியாயத்தையே மாற்றினார். 1960 வாக்கில் முழுப் புத்தகத்தையும் காவிய நடையில் திருத்தி எழுத ஆரம்பித்து, சில அத்தியாயத்தோடு கைவிட்டார். ஆசிரியரே தொட்டுப் பார்த்து வைத்துவிட்ட வேலையைப் படக்குழு எடுத்துச் செய்தது என்று இரண்டு கட்சியும் தங்களுக்குச் சாதகமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

திட்டுவதோடு நிற்காதவர்களும் உண்டு. மூன்று படத்தையும் கம்ப்யூட்டரில் போட்டு, அசோக்கின் துரத்தல், காதல், கோட்டைக் கிளைக்கதை எல்லாவற்றையும் வெட்டி எறிந்து, ஒரே படமாக ஒட்டியவர்கள் பலர். 2015 ஜனவரியிலேயே அப்படி ஒரு பதிப்பு வந்துவிட்டது, நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். பிறகும் வேறு வேறு ஆட்கள் அவரவர் ருசிக்கு வெட்டிக்கொண்டே இருக்கிறார்கள். இந்த வெட்டுப் பதிப்புகளுக்குச் சட்ட அனுமதி கிடையாது, அது தனி விவகாரம். ஆனால் விமர்சனமாகப் பார்த்தால் இதைவிடத் தெளிவான விமர்சனம் இல்லை. எந்தக் காட்சியை எடுத்தாலும் கதை இடறாமல் நடக்கிறதோ, அது ஒட்டுப் போட்ட காட்சி. எடுத்த இடத்தில் பில்போ முன்னால் வந்து நிற்பதைப் பார்க்கும்போது, மார்ட்டின் ஃப்ரீமன் எவ்வளவு நன்றாக நடித்திருக்கிறார் என்பதும் தெரிகிறது.

இந்த வியாதி ஹாபிட்டோடு தொடங்கவும் இல்லை, முடியவும் இல்லை. ஹாரி பாட்டரின் கடைசி நாவலை 2010, 2011 என்று இரண்டாகப் பிரித்தார்கள். பெரிய நாவல் என்பதால் ரசிகர்கள் பொறுத்துக்கொண்டார்கள், சந்தோஷமும் பட்டார்கள். அது நன்றாக ஓடியதும் ‘ட்வைலைட்’, ‘ஹங்கர் கேம்ஸ்’ இரண்டும் தங்கள் கடைசிப் புத்தகங்களை இரண்டாக வெட்டின. ‘டைவர்ஜென்ட்’ தொடரும் அதே வழியில் போய், 2016-இல் முதல் பாதி தியேட்டரில் தடுமாற, மறு பாதி வரவே இல்லை. கதையைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஹாரி பாட்டர் உலகத்தில் ஒரு மிருக அகராதி மாதிரி வந்த மெல்லிய புத்தகத்தை வைத்து ஐந்து படம் என்றார்கள், மூன்றோடு நின்றுவிட்டது. அதில் கதையே இல்லை, அகராதியில் எங்கே கதை?

தமிழ் ரசிகர்கள் பட்டது இதற்கு நேர்மாறான கஷ்டம். ஐந்து பாகப் ‘பொன்னியின் செல்வன்’ 2022, 2023-இல் இரண்டு படத்துக்குள் அடங்க வேண்டியிருந்தது. ‘மணிமேகலை எங்கே? பூங்குழலிக்கு இவ்வளவுதானா?’ என்று என் அக்கா வீட்டு ஹாலில் பெரியம்மாக்கள் இடைவேளையிலேயே பஞ்சாயத்து வைத்துவிட்டார்கள். குந்தவையும் நந்தினியும் சந்திக்கும் காட்சிக்கு மட்டும் எல்லார் வாயும் அடைத்தது. அங்கே குறை நேரம் போதவில்லை என்பது, ஹாபிட்டில் நேரம் கூடிப்போனது என்பது. ஆனால் இரண்டு கூட்டமும் படம் பார்க்கும்போது கையில் வைத்திருக்கும் பட்டியல் ஒன்றுதான். எனக்குப் பிடித்த ஆள் எங்கே, அவனுக்குரிய நேரம் அவனுக்குக் கிடைத்ததா?

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு என் யோசனை: முதலில் புத்தகம். ஒரு டிசம்பர் விடுமுறையில் பீச்சுக்குப் போகிற நேரம் போக மிச்ச நேரத்திலேயே முடித்துவிடலாம். அப்புறம் முதல் படம், முழுதாக. இரண்டாம் படத்தில் பில்போ தங்கக் குவியலுக்கு நடுவே டிராகனோடு பேசும் காட்சியைப் பெரிய திரையில், நல்ல சத்தத்தோடு பாருங்கள். அந்தக் குரல் பெனடிக்ட் கம்பர்பேட்ச். மூன்றாம் படத்துக்குப் பொறுமை இருந்தால் நீண்ட பதிப்பு, சடங்குக் காட்சிக்காகவாவது. பிள்ளைகளோடு பார்த்தால் நடுவில் நிறுத்தி ‘இது புத்தகத்தில் உண்டா?’ என்று கேளுங்கள், அவர்கள் சட்டென்று பிடித்துவிடுவார்கள்.

அடுத்த சண்டைக்கும் நாள் குறித்தாகிவிட்டது. 2024 மே மாதம், கோல்லத்தைத் தேடிப் பிடிக்கும் கதையைத் தனிப் படமாக எடுக்கப்போவதாக அறிவித்தார்கள். கோல்லமாக நடித்த ஆண்டி செர்கிஸ் இயக்குகிறார், ஜாக்சன் தயாரிப்பில் இருக்கிறார். நாவலில் அந்தத் தேடல் யாரோ யாருக்கோ சொல்லும் நாலைந்து பத்தியிலும் பின்னிணைப்பிலுமாகச் சிதறிக் கிடக்கிறது. ரசிகர்கள் சிலர் சேர்ந்து இதே கதையை 2009-லேயே கைக்காசு போட்டு எடுத்து இணையத்தில் இலவசமாக விட்டார்கள். அது 40 நிமிடத்தில் முடிந்துவிட்டது.